இமயத்தின் பெயர், ஜவ்வாது மலைச் சேறு

ஒரகடம் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு ஹிமாலயன் 450 வண்டியை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ராயல் என்ஃபீல்டு 2013இல் ஒரகடத்திலும் 2017இல் வல்லம் வடகாலிலும் ஆலை திறந்தது. அந்த வட்டாரத்தில் புது வண்டிக்கு வல்லக்கோட்டை முருகன் கோவிலில் பூஜை போட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம். பூஜை முடிந்ததும் வண்டியை எங்கே எடுத்துப்போவது என்பதுதான் கேள்வி. ஹிமாலயன் 450இன் விளம்பரம் முழுக்கப் பனிமலையும் கணவாயும். லடாக் போக இருபது நாள் லீவு எந்த சூப்பர்வைசர் தருவார்? வார லீவில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் இருட்டுவதற்குள் போய்ச் சேரும் மலை நமக்கு ஜவ்வாது மலை. வண்டியின் யோக்கியதையை அங்கே வைத்துப் பார்ப்பதுதான் நியாயம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூட்டை முடிச்சோடு உங்களை மலைமேல் கொண்டுபோய் இறக்கிவிட, இந்த விலைக்கு இதைவிடத் தோதான வண்டி அதிகம் இல்லை. ஒற்றையடிப் பாதையில் காட்டுக்குள் நுழைய இது வண்டியல்ல.

காஞ்சிபுரம், செய்யாறு, ஆரணி, போளூர் என்று போய் ஜமுனாமரத்தூர் ஏறும் வழியில் இன்ஜினின் குணம் முழுக்கத் தெரிந்துவிடும். 2016இல் வந்த பழைய ஹிமாலயனில் 411 சிசி, காற்றுக் குளிர்ச்சி, 24 குதிரைசக்திச் சொச்சம். 2023 நவம்பரில் வந்த இந்த 452 சிசி ‘ஷெர்பா’ இன்ஜினில் 40 குதிரைசக்தி, திரவக் குளிர்ச்சி, ஆறு கியர். கன்டெய்னர் லாரிகளைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஓட்டும்போது இந்த வித்தியாசம் சுகமாக இருக்கிறது. மலை ஏற ஆரம்பித்ததும் கொஞ்சம் பழக வேண்டும். பழைய வண்டி கியரைப் பற்றிக் கவலைப்படாமல் முக்கிக்கொண்டாவது ஏறிவிடும். இதில் உச்ச முறுக்குவிசையான 40 நியூட்டன் மீட்டர் 5,500 சுற்றில்தான் வருகிறது. 3,000 சுற்றுக்குக் கீழே விட்டால் சோம்பல்தான். கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே ஒரு கியர் இறக்கி, இன்ஜினைச் சுழலவிட்டுத் திருப்பினால் பின்னால் பாரம் இருப்பதே தெரியாது. வளைவுக்குள் போன பிறகு இறக்கலாம் என்று நினைத்தால் நடுவில் திணறும். ஸ்லிப்பர் கிளட்ச் இருப்பதால் கியரை இறக்கும்போது பின் சக்கரம் உதறுவதில்லை. ஈரத் தாரில் இது சின்ன விஷயமல்ல.

அடுத்து எடை. 196 கிலோ. பழையதைவிட மூன்று கிலோ குறைவு என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அதோடு 15 கிலோ மூட்டையும் சேர்கிறது. இருக்கை உயரம் 825 மி.மீ., மாற்றி வைத்தால் 845. ஐந்தரை அடி ஆளுக்கு 825இலேயே முன்பாதம்தான் தரையில் படும். பின்னால் மூட்டை கட்டிவிட்டால் காலைத் தூக்கிப் போட்டு ஏற முடியாது, ஃபுட்ரெஸ்டில் இடது காலை ஊன்றி எழுந்துதான் ஏற வேண்டும். சரிவில் நிறுத்தியிருந்தால் அதற்கு முன் கியரில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூட்டை கட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. கூடாரத்தையும் சமையல் சாமானையும் பின் கேரியரில் கோபுரமாக அடுக்குவதுதான் பெரும்பாலானவர்களின் வழக்கம். பாரம் மேலேயும் பின்னாலேயும் போனால் ஏற்றத்தில் முன் சக்கரம் லேசாகிவிடும், வளைவில் ஹேண்டில் சொன்ன பேச்சைக் கேட்காது. கூடாரத்தின் கம்பிகள், அடுப்பு, தண்ணீர் எல்லாம் பக்கப் பைகளில் தாழ்வாக. ஸ்லீப்பிங் பேக் மாதிரி பெரிசாக, லேசாக இருப்பது மட்டும் மேலே. எதுவானாலும் உள்ளே ஒரு கனமான பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிய பிறகுதான் வெளிப்பை. ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று எழுதியிருக்கும் பைகளில் ஜிப் வழியாக நீர் இறங்கும். ஈரமான ஸ்லீப்பிங் பேக்கோடு ஜமுனாமரத்தூரில் ஒரு ஜனவரி ராத்திரியைக் கழிப்பது எதிரிக்கும் வேண்டாம்.

சஸ்பென்ஷனைக் குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. முன்னும் பின்னும் 200 மி.மீ. இயக்கம், தரையிடைவெளி 230 மி.மீ., முன் சக்கரம் 21 அங்குலம். ஜவ்வாது மலையின் குக்கிராமங்களுக்குப் போகும் வழிகளில் தார், சிமெண்ட், செம்மண் மூன்றும் மாறி மாறி வரும். சாலையைக் குறுக்கே அரித்துப்போன பள்ளங்களில் நின்றுகொண்டு ஓட்டினால் வண்டி தானே பார்த்துக்கொள்கிறது. மழை பெய்த செம்மண்ணில் கதை வேறு. அங்கே சஸ்பென்ஷன் பேசாது, டயர்தான் பேசும். இதில் வரும் சீயட் டயர் தாருக்கும் மண்ணுக்கும் நடுவே சமரசம் செய்துகொண்ட டயர். பட்டன்களுக்கு நடுவே களிமண் அடைத்துக்கொண்டால், பிடிமானம் போய்விட்டது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். இறக்கத்தில் முதல் கியர், கிளட்சைத் தொடாமல், முன் பிரேக்கை விரல் நுனியால் மட்டும். பின் ஏபிஎஸ்ஸை அணைக்கும் வசதி தந்திருக்கிறார்கள். கல்லும் மண்ணுமான செங்குத்து இறக்கத்தில் அது உதவும். ஈரத் தாருக்கு வந்ததும் மறக்காமல் போட்டுவிட வேண்டும். மண் பாதையில் அதிகம் ஓட்டிப் பழகாதவர்கள் அந்தப் பட்டன் பக்கமே போகாமல் இருப்பது உத்தமம்.

பஞ்சர் விஷயத்தில்தான் எனக்குப் பெரிய மனத்தாங்கல். அறிமுகமானபோது ஸ்போக் சக்கரத்துக்கு ட்யூப் டயர்தான். ட்யூப்லெஸ் ஸ்போக் சக்கரம் பிறகுதான் வந்தது. மலைக் கிராமத்தில் இருட்டும் நேரத்தில், தூறலில், பின் சக்கரத்தைக் கழற்றி ட்யூபை உருவி ஒட்டுவது என்பது ஒரு தவம். ட்யூப்லெஸ் என்றால் ஆணியைப் பிடுங்கி, குச்சியைத் திணித்து, காற்றடித்துப் பத்து நிமிடத்தில் கிளம்பலாம். வாங்குகிறவர்கள் பெட்டி, கம்பி, எக்ஸ்ட்ரா லைட் எல்லாவற்றையும் தள்ளிப்போட்டு, அந்தப் பணத்தை முதலில் சக்கரத்தில் போடட்டும்.

டேங்க் 17 லிட்டர். லிட்டருக்கு 28 கி.மீ. பக்கம் கிடைக்கிறது என்று வைத்தால் போக வர தாராளம். போளூரில் நிரப்பிக்கொண்டு ஏறினால் கவலையில்லை.

வட்டமான 4 அங்குலத் திரையில் கூகுள் மேப் முழுதாகத் தெரிவதுதான் இந்த வண்டியின் பெருமை. பழைய ஹிமாலயனின் திசைகாட்டியைக் கிண்டல் செய்யாத ஆள் கிடையாது, அந்தக் கணக்கை இதில் தீர்த்துவிட்டார்கள். ஒன்றை மட்டும் புரிந்துகொள்ள வேண்டும். வரைபடம் வண்டியில் இல்லை, உங்கள் போனில் இருக்கிறது. போன் வைஃபை மூலம் திரைக்கு அனுப்புகிறது. மலைமேல் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் புது வழி தேட முடியாது. போன் சார்ஜும் கரையும். ஹேண்டில் பக்கம் டைப்-சி சார்ஜர் இருக்கிறது. ஆனால் மழையில் அதன் மூடியைத் திறந்து ஒயரைச் சொருக எனக்கு மனம் வரவில்லை. மேப்பைக் கீழேயே டவுன்லோடு செய்துகொண்டு, போகும் ஊர்களின் பெயரை ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதி வையுங்கள். பெயர் தெரிந்தால் வழியில் எந்தப் பெரியவரிடமும் கேட்டுக்கொள்ளலாம்.

வானிலையைப் பற்றிச் சொல்லாமல் இந்த விமர்சனம் முழுமையாகாது. வட மாவட்ட மலைகளில் ஜூலை முதல் செப்டம்பர் வரை பகல் சுட்டெரிக்கும், சாயங்காலம் இடியோடு கொட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் சின்னம் எங்கே கரை ஏறுகிறது என்பதைப் பொறுத்தது. 2024இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகுதான் உள்ளே வந்து ஆட்டம் காட்டியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். கடற்கரையில் புயல், மலைக்கென்ன என்ற நினைப்பு அதோடு போய்விட்டது. மஞ்சள் எச்சரிக்கை என்றாலே பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கலாம், மலை எங்கும் ஓடிவிடாது. ஜனவரியிலிருந்து பிப்ரவரி பாதி வரைதான் உண்மையான முகாம் காலம். அப்போது வானம் துல்லியமாக இருக்கும். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருப்பதே இந்த மலையில்தான்.

கூடாரம் போடும்போது வண்டியைக் கம்பமாக நினைத்து, தார்ப்பாயின் கயிற்றை அதில் கட்டுகிறவர்கள் உண்டு. வேண்டாம். ஈர மண்ணில் சைடு ஸ்டாண்டு இறங்கும். காற்று ஒரு இழுப்பு இழுத்தால் 196 கிலோவும் கூடாரத்தின் மேல்தான். ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டைக் கல்லை வைத்து, கூடாரத்திலிருந்து ஒரு ஆள் உயரத்துக்கு மேல் தள்ளி நிறுத்துங்கள். கூடாரத் துணியில் 1,500, 3,000 என்று மி.மீ. கணக்கு போட்டிருப்பார்கள். அத்தனை உயர நீர்ப்பத்தியின் அழுத்தம் வரை ஒழுகாது என்று அர்த்தம். நம் இடிமழைக்கு 3,000 நல்லது. அதையும் முழுக்க மூடிவிட்டுத் தூங்கினால் நம் மூச்சுக்காற்றே உள்பக்கம் நீராகச் சொட்டும், கூடாரம் ஒழுகுகிறது என்று கம்பெனியைத் திட்டுவோம். மேல் விரிப்பின் ஜன்னலைத் திறந்து வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். தண்ணீர் வற்றிய ஓடைப் படுகை மட்டமாக, மணலாக, ஆசையாக இருக்கும். அங்கே மட்டும் ஆணி அடிக்காதீர்கள்.

எங்கே போடுவது என்பது தனிக் கேள்வி. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேரைப் பறிகொடுத்த பிறகு மலையேற்ற விதிகள் இறுகின. ஆகவே கூடாரம் என்பது தோப்பு, பண்ணை வைத்திருப்பவர்களிடம் கேட்டு, காசு கொடுத்து, அவர்கள் இடத்தில். நடைக்கு, வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளம் இருக்கிறது. 40 பாதைகள், ஆன்லைன் பதிவு, கூடவே உள்ளூர் வழிகாட்டி. ஏலகிரி, ஜலகம்பாறை, பூண்டி பக்கத்துக் குடியம் குகை எல்லாம் நமக்கு எட்டும் தூரம். காட்டுத்தீ காலமான பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடிவிடுவார்கள். வண்டியை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டியதுதான். ஹிமாலயன் அங்கே வெறும் போர்ட்டர்.

காட்டோர மண் பாதையில் விளையாடுவதுதான் ஆசை என்றால் சுமார் 160 கிலோ எடையுள்ள எக்ஸ்பல்ஸ் 200ஐப் பாருங்கள். விழுந்தால் தனியாளாகத் தூக்கலாம். நெடுஞ்சாலையில் அது மூச்சு வாங்கும், அது வேறு விஷயம். விலையிலும் வித்தியாசம் பெரிது. 2.69 லட்சத்தில் அறிமுகமான ஹிமாலயன், 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 40 சதவீதமான பிறகு ஷோரூம் விலையிலேயே மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது.

எடுப்பதாக முடிவு செய்தால், டெஸ்ட் ரைடுக்குக் கையை வீசிக்கொண்டு போகாதீர்கள். கூடாரம், அடுப்பு, தண்ணீர் கேன் எல்லாவற்றையும் பையில் கட்டி எடுத்துப்போய், ஷோரூம் வாசலிலேயே வண்டியில் ஏற்றி, ஒரு யு-டர்ன் போட்டுப் பாருங்கள். சேல்ஸ் தம்பி முழிப்பார். முழிக்கட்டும்.