மாளாத அரக்கனும் மாறாத உலகமும்

கதை கேட்பவன் கதைக்கு வெளியே இருக்கிறான். நாடகம் காண்பவன் மேடைக்குக் கீழே அமர்ந்திருக்கிறான். இவ்விரு எல்லைகளையும் கடந்து, கதைக்குள்ளேயே மனிதனைக் குடியேற்றும் வடிவம் ஒன்று கடந்த அரை நூற்றாண்டில் பிறந்து வளர்ந்திருக்கிறது. இணையத்தின் வழியே பல்லாயிரவர் ஒரே கற்பனை உலகில் கூடி, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடும் விளையாட்டையே குறிப்பிடுகிறோம். ஒருவன் வாள் வீரனாகிறான், ஒருவன் மருத்துவனாகிறான், ஒருத்தி மந்திரக்கோல் ஏந்துகிறாள். அவர்கள் கணினியை அணைத்துவிட்டு உறங்கச் சென்ற பின்னரும் அவ்வுலகம் ஓய்வதில்லை. பூமியின் மறுகோடியில் விழித்திருப்போர் அங்கே உலவிக்கொண்டிருப்பார்கள்.

நம் இல்லங்களில் இவ்விளையாட்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும், "எத்தனை மணி நேரம் ஆடுகிறாய்?" என்னும் ஒரே கேள்வியோடு முடிந்துவிடுகிறது. கேட்க வேண்டிய கேள்விதான். எனினும், ஒரு நூலை எடுத்து அது எத்தனை பக்கம் என்று மட்டும் கேட்டு நின்றுவிடும் திறனாய்வாளன் தன் கடமையில் பாதியைக்கூடச் செய்தவனாகான். நம் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் புழங்கிவரும் அவ்வுலகம் எத்தகையது? அது அவர்களுக்குத் தருவதாகச் சொன்னது யாது? சொன்னதைத் தந்ததா? இவற்றை நோக்குமிடத்து நமக்குப் பெருங்குறை ஒன்று புலப்படுகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வடிவம் தன்னைத் தானே படியெடுத்துக்கொண்டிருக்கிறது.

இதன் வேரைத் தேடின் 1974ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் உருவாக்கி வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்துக்குக் கணினி தேவைப்படவில்லை. நண்பர் சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து, தாளும் பென்சிலும் பகடையும் கொண்டு கதையை நடத்திச் சென்றனர். அனுபவப் புள்ளி, உயிர்ப் புள்ளி, படிநிலை என்னும் கணக்குகள் அங்கே நிலைபெற்றன. நான்காண்டுகள் கழித்து, 1978இல், இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர்களான ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் 'மட்' என்னும் ஆட்டத்தைக் கணினியில் அமைத்தனர். அதில் படமே இல்லை. குகையும் கடலும் எல்லாம் எழுத்தாகவே திரையில் தோன்றின. ஆயினும் பலர் ஒரே நேரத்தில் ஒரே கற்பனை உலகில் நடமாட முடிந்தது.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். மேசையருகே கதையை நடத்தியவர் ஒரு மனிதர். ஆடுவோர் எதிர்பாராத செயலொன்றைச் செய்துவிட்டால் அவர் கதையையே அதற்கேற்ப வளைத்துக்கொள்வார். புள்ளிக் கணக்குகள் கணினிக்குள் எளிதாகக் குடிபுகுந்தன. செவிசாய்த்துக் கதையை மாற்றும் அந்த மனிதர் வெளியிலேயே நின்றுவிட்டார். அவருடைய இடத்தை எவ்வாறு நிரப்புவது என்பதே இவ்வடிவத்தின் முன்னிருந்த உண்மையான படைப்புச் சிக்கல் எனலாம்.

அச்சிக்கலைத் துணிந்து எதிர்கொண்டது 1997இல் வெளிவந்த 'அல்ட்டிமா ஆன்லைன்'. ரிச்சர்ட் கேரியட்டும் ராஃப் காஸ்டரும் அவர்தம் குழுவினரும் ஓர் உயிர்ச்சூழலையே அமைக்க முயன்றனர். புல்லை மேயும் விலங்குகள் உண்டு. அவற்றைத் தின்னும் ஓநாய்கள் உண்டு. இரை குறைந்தால் ஓநாய்கள் வேறிடம் நாடும் என்பது திட்டம். நடந்ததோ வேறு. ஆட வந்தவர்கள் கண்ணில் பட்ட உயிர்களையெல்லாம் வெட்டி வீழ்த்தினர். முயல் பெருகுவதற்கு முன்னே முயலும் இல்லை, ஓநாயும் இல்லை. அந்த அமைப்பு கைவிடப்பட்டது. இத்தோல்வியை நாம் இகழவில்லை. மனிதன் கைபட்டால் காடு என்னாகும் என்பதை அந்தச் சின்னஞ்சிறு உலகம் எவரும் எழுதிக்கொடுக்காமலே காட்டிவிட்டது. ஆட்டங்களை அமைப்போர் அதிலிருந்து கற்ற பாடந்தான் வருந்தத்தக்கது. காட்டைச் செம்மையாக அமைப்பது எப்படி என்று அவர்கள் ஆராயவில்லை. வெட்ட வெட்ட முளைக்கும் விலங்குகளை வைத்துவிட்டால் தொல்லையில்லை என்று அமைந்துவிட்டனர்.

1999இல் வந்த 'எவர்குவெஸ்ட்' அவ்வழியில் நடந்தது. 2004 நவம்பரில் பிளிசார்ட் நிறுவனம் வெளியிட்ட 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' அதனைச் செப்பனிட்டு அரச பாட்டையாக்கியது. அதன் சிறப்பை மறைத்தல் அறமாகாது. முந்தைய ஆட்டங்களில் ஒருமுறை மடிந்தால் பல மணி நேர உழைப்பு பாழாகும். துணையின்றித் தனியே எதுவும் செய்ய இயலாது. அக்கடுமைகளை நீக்கி, புதியவனும் வழி தவறாமல் நடக்கும்படி அதனை அமைத்தனர். 2010 அக்டோபரில் அதன் சந்தாதாரர் தொகை ஒரு கோடியே 20 இலட்சத்தை எட்டியது.

அந்த வெற்றியே பின்வந்தோருக்கு விலங்காயிற்று. ஊர் எல்லையில் தலைக்கு மேல் மஞ்சள் நிற வியப்புக்குறி மிதக்க ஒருவர் நிற்பார். பத்து ஓநாய்களைக் கொன்று வரச் சொல்வார். கொன்று வந்தால் கொஞ்சம் காசும், முன்னதைவிடச் சற்றே கூரிய வாளும் கிடைக்கும். அடுத்த ஊரில் ஓநாய்க்குப் பதில் கரடி. உச்சப் படியை அடைந்தபின் குழுவாகச் சென்று ஒரு பேரரக்கனை வீழ்த்த வேண்டும்; அடுத்த வாரம் அதே அரக்கனை மீண்டும் வீழ்த்த வேண்டும். 2008இல் வந்த 'வார்ஹாமர் ஆன்லைன்' 2013இல் மூடப்பட்டது. 2014இல் வந்த 'வைல்ட்ஸ்டார்' 2018இல் மூடப்பட்டது. இவற்றில் தனிச்சிறப்புகள் இல்லாமலில்லை. ஆயினும் அரச பாட்டையை விட்டு வெகுதூரம் விலக அவை துணியவில்லை. மூலம் கையில் இருக்கும்போது நகலை நாடுவோர் எத்தனை நாள் நிலைப்பர்?

படியெடுக்கும் ஆசை, நல்லதொரு படைப்பையே அழித்ததற்கும் சான்று உண்டு. 2003இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்' ஆட்டத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள் இருந்தன. ஆயுதம் ஏந்த விரும்பாதவர் நடனக்காரராகலாம், மருத்துவராகலாம், கனிமம் தேடி எடுத்துக் கருவி செய்து கடை வைக்கலாம். போரில் சோர்ந்து வந்தவர் கலைஞரை நாடினார். காயம்பட்டவர் மருத்துவரை நாடினார். ஒருவருக்கொருவர் தேவைப்படுவதே ஊர் என்பதன் இலக்கணம். அவ்விலக்கணம் அங்கே அமைந்திருந்தது. 2005 நவம்பரில் உரிமையாளர்கள் அதனைத் தலைகீழாக மாற்றினர். தொழில்கள் ஒன்பதாகச் சுருங்கின. சண்டையே முதன்மை பெற்றது. பழையவர்கள் மனம் கசந்து வெளியேறினர். எதிர்பார்த்த புதியவர்கள் திரளாக வரவில்லை. 2011 டிசம்பரில் அவ்வுலகம் அணைந்தது.

மரபைப் பின்பற்றுவது குற்றமா என்று சிலர் வினவலாம். அன்று. வெண்பாவின் இலக்கணம் ஒன்றே. புலவர் கைதோறும் அது புதிதாகப் பிறக்கிறது. யாப்பு மாறவில்லை என்று எவரும் குறைகூறுவதில்லை. சொல்லவந்த பொருள் பழையதாய் இருந்தால்தான் சலிப்பு தட்டுகிறது. இவ்வாட்டங்களில் வாளும் அரக்கனும் திரும்பத் திரும்ப வருவதை நாம் பெரிதாகக் கருதவில்லை. செயலுக்கு விளைவு இல்லை என்பதே நம் குற்றச்சாட்டு. ஊரைக் காத்த வீரன் நீயே என்று ஓர் இளைஞனை அவ்வுலகம் புகழ்கிறது. அதே புகழ்ச்சியைப் பெறுவதற்கு அவன் பின்னே பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். அவன் கொன்ற அரக்கன் சிறிது நேரத்தில் எழுந்து பழைய இடத்திலேயே நிற்கிறான். ஊரார் பழைய அழுகையையே அழுகிறார்கள். ஆயிரம் மணி நேரம் வாழ்ந்த ஓர் உலகில் அவன் வாழ்ந்ததற்கான சுவடு ஒன்றேனும் இல்லை.

அவ்வுலகம் உண்மையிலேயே உயிர்பெற்ற நாள் ஒன்றுண்டு. அது தவறுதலாக நேர்ந்தது. 2005 செப்டம்பரில் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆட்டத்தில் ஓர் அரக்கன் தன்னோடு பொருதோர்மீது தொற்றுநோய் ஒன்றை ஏவும்படி அமைத்திருந்தனர். அந்நோய் அவனுடைய கோட்டைக்குள்ளேயே அடங்கிவிடும் என்பது எண்ணம். ஆடுவோரின் வளர்ப்பு விலங்குகள் அதனை நகரங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தன. தெருக்களில் பிணங்கள் குவிந்தன. சிலர் நகரை விட்டு ஓடினர். சிலர் தாமே முன்வந்து பிணியாளருக்கு மருந்தளித்தனர். தீயோர் சிலர் வேண்டுமென்றே நோயைப் பரப்பினர். மனித இயல்பின் மூன்று முகங்களும் அங்கே வெளிப்பட்டன. 2007இல் மருத்துவ ஆய்விதழ்கள் அந்நிகழ்ச்சியைப் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டன. நிறுவனத்தாரோ அதனைப் பிழையெனக் கொண்டு, சர்வர்களைப் பழைய நிலைக்கு மீட்டு நோயைத் துடைத்தெறிந்தனர். அவர்கள் கடமையை நாம் பழிக்கவில்லை. ஆனால், ஆடுவோரின் செயலால் உலகம் மாறக்கூடும் என்று கண்ணெதிரே கண்ட பின்னரும், அதனை நல்வழியில் பயன்படுத்தும் முயற்சி பெருகவில்லை என்பது எண்ணத்தக்கது.

காரணம் அறிவின்மை அன்று, அச்சமே காரணம். இத்தகைய ஆட்டம் ஒன்றை அமைக்கப் பல ஆண்டுகளும் பெரும் பொருளும் வேண்டும். முதலிட்டவர் முன்னரே வென்ற வழியைத்தான் நாடுகிறார். பிளிசார்ட் நிறுவனமே 'டைட்டன்' என்னும் பெயரில் ஏழாண்டுகள் உழைத்த புதிய ஆட்டத்தை 2014இல் கைவிட்டது. பகைக் கூட்டங்கள் தம் விருப்பப்படி இடம்பெயரும் என்றும், ஆடுவோர் நிலத்தையே உடைக்கலாம் என்றும் 2013இல் அறிவிக்கப்பட்ட 'எவர்குவெஸ்ட் நெக்ஸ்ட்' 2016இல் கருவிலேயே கலைந்தது.

புதியது வாராதபோது மக்கள் பழையதை நோக்கித் திரும்பினர். 'ரூன்ஸ்கேப்' ஆட்டத்தின் 2007ஆம் ஆண்டு வடிவம், ஆடுவோரின் வாக்கெடுப்புக்குப் பின் 2013இல் மீண்டும் திறக்கப்பட்டது. 2019இல் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' தன் பழைய வடிவத்தையே தனியாக வெளியிட்டது. அதன் கணக்கைப் பாருங்கள். 2004இல் உச்சப் படி 60. பதினான்கு ஆண்டுகளில் ஏறி ஏறி 120 ஆயிற்று. 2020இல் நிறுவனத்தாரே அதனைச் சுருக்கி, உச்சத்தை மீண்டும் 60 என்று வைத்தனர். செக்கு மாடு நெடுந்தொலைவு நடக்கிறது, ஊர்போய்ச் சேர்வதில்லை.

ஒரு துறையில் மட்டும் புதுமைக்குப் பஞ்சமில்லை. அது காசு பெறும் துறை. மாதச் சந்தா போய் இலவசம் வந்தது. இலவசத்தின் பின்னே கடை வந்தது. கடையில், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமலே விலை கொடுத்து வாங்கும் அதிர்ஷ்டப் பெட்டியும் வந்தது. 2016 டிசம்பரில் கொரியாவில் வெளியான 'லினியேஜ் 2 ரெவல்யூஷன்' என்னும் கைப்பேசி ஆட்டத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் பாத்திரம் தானே நடந்து, தானே சண்டையிட்டு, தானே பரிசு பெறுகிறது. ஆடுவோன் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அமைத்தவர்களே தம் ஆட்டம் ஆடுவதற்குச் சலிப்பானது என்று ஒப்புக்கொண்டதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? வேடிக்கை பார்ப்பவனைக் கதைக்குள் குடியேற்ற எழுந்த வடிவம், அவனை மீண்டும் வேடிக்கை பார்ப்பவனாக்கி வெளியே நிறுத்திவிட்டது.

எல்லாம் இருள் என்று கூறி முடிப்பது நடுநிலையாகாது. 2003இல் வந்த 'எ டேல் இன் த டெஸர்ட்' பண்டைய எகிப்தைக் களமாகக் கொண்டது. அதில் போரே கிடையாது. கட்டுதல், பயிரிடுதல், கூடி உழைத்தல் இவையே ஆட்டம். ஆடுவோரே சட்டம் முன்மொழிந்து வாக்களிக்கலாம். நிறைவேறிய சட்டம் ஆட்டத்தின் விதியாகும். அதே ஆண்டில் ஐஸ்லாந்தின் சி.சி.பி. நிறுவனம் வெளியிட்ட 'ஈவ் ஆன்லைன்' விண்வெளியைக் களமாகக் கொண்டது. சீனாவுக்கென அமைந்த தனி சர்வர் நீங்கலாக, அனைவரும் ஒரே உலகில் வாழ்கின்றனர். கப்பல்களில் மிகப் பெரும்பாலானவற்றை ஆடுவோரே செய்து, ஆடுவோரே விற்கின்றனர். அழிந்த கப்பல் அழிந்ததுதான். 2014 ஜனவரியில் அங்கே நடந்த பெரும்போரில் ஆயிரக்கணக்கானோர் கலந்துகொண்டனர். டைட்டன் வகைப் பெருங்கப்பல்கள் மட்டும் எழுபதுக்கு மேல் அழிந்தன. போரின் தொடக்கமோ, ஓரிடத்துக்குச் செலுத்த வேண்டிய கட்டணம் செலுத்தப்படாமற்போனது! அக்கப்பல்களின் சிதைவுகளை நிறுவனத்தார் அவ்விடத்திலேயே நினைவுச் சின்னமாக நிலைநிறுத்தினர். இவ்வாட்டத்திலும் குறையுண்டு. அது கற்பதற்கு அரியது; வஞ்சகமும் துரோகமும் அங்கே மலிந்துள்ளன. ஆயினும் அங்கே நேற்று என்பது உண்டு. நேற்று நடந்தது இன்றைக்குக் கணக்கில் கொள்ளப்படுகிறது. வரலாறு என்பது வேறென்ன?

இவ்விரண்டும் வந்து இருபதாண்டுகளுக்கு மேலாகியும் இவ்வழியில் துணிந்து நடந்தோர் மிகச் சிலரே. வழி இருக்கிறது என்பதற்கு அவை சான்று; நடக்க மனமில்லை என்பதற்கு ஏனையவை சான்று.

ஆகவே, பெற்றோர்க்கும் இளைஞர்க்கும் நாம் சொல்ல விழைவது இதுவே. மணிக்கணக்கைக் கேட்பதோடு நில்லாமல் இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள். நீ வந்து போனதனால் அவ்வுலகில் ஏதேனும் மாறியதா? அங்கே எவருக்கேனும் நீ தேவைப்பட்டாயா? இவற்றுக்கு விடை சொல்லத் தொடங்கும் பிள்ளை தானே திறனாய்வாளனாகிறான். பத்து ஓநாய்களைக் கொன்றுவா என்று ஏவும் ஆட்டத்தை அவன் நெடுநாள் பொறுக்க மாட்டான். ஆடுவோரின் பொறுமை தீரும்போதுதான் அமைப்போரின் துணிவு பிறக்கும். அதுவரை அந்த அரக்கன் தன் குகை வாயிலில் நின்றுகொண்டுதான் இருப்பான்.