நாற்பத்தைந்தில் மூன்று: ஐபி டிப்ளமா பற்றி ஒரு பெற்றோரின் விமர்சனம்

இந்த வலைப்பதிவில் வழக்கமாக ஏரி, மதகு, கல்வெட்டு என்று எதையாவது எழுதிக்கொண்டிருப்பேன். இந்த முறை வேறு விஷயம், வீட்டில் இரண்டு மாதமாக ஓடிக்கொண்டிருக்கும் விவாதம்.

என் மகள் எட்டாம் வகுப்பில் இருக்கிறாள். நாங்கள் இருக்கும் டெக்சாஸில் உயர்நிலைப் பள்ளி ஒன்பதாம் வகுப்பில் தொடங்குகிறது. எங்கள் பள்ளி மாவட்டத்தில் ஐபி டிப்ளமா ஒரே ஒரு பள்ளியில்தான் உண்டு. அங்கே சேர வேண்டுமென்றால் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியையும் இத்தனை வருடத் தோழிகளையும் விட்டுவிட்டுப் போக வேண்டும். ஐபி பாடங்கள் நடப்பது 11, 12ஆம் வகுப்புகளில். ஆனால் முடிவு எடுக்க வேண்டியது இப்போதே, பதின்மூன்று வயதில்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் அப்பாக்களிடம் கேட்டேன். ஒருவர், "ஏபி போதும் பாஸ், ஐபி எல்லாம் வேண்டாத வேலை" என்றார். இன்னொருவர், "ஐபி எடுத்தா நல்ல யுனிவர்சிட்டியில ஒரு கால் வச்ச மாதிரி" என்றார. இருவருமே பாடத்திட்டத்தைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. சரி, நாமே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். மென்பொருள்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. விளம்பரப் பக்கத்தைத் தாண்டிப் போய், உள்ளே கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்று பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் வரலாறு. ஜெனீவா சர்வதேசப் பள்ளி 1924இல் தொடங்கியது. உலக நாடுகள் சங்கத்திலும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிலும் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளுக்காக உண்டான பள்ளி அது. அப்பா அம்மாவின் வேலைக்காக நாடு நாடாக மாறும் பிள்ளை எந்த நாட்டுப் பல்கலைக்கழகத்திலும் சேரும்படி ஒரே சான்றிதழ் வேண்டும் என்ற தேவையிலிருந்துதான் 1968இல் ஐபி அமைப்பு ஜெனீவாவில் பிறந்தது. முதல் தலைமை இயக்குநர் அலெக் பீட்டர்சன். இங்கிலாந்தில் பதினாறு வயதிலேயே பிள்ளைகளைக் கலை ஒரு பக்கம், அறிவியல் ஒரு பக்கம் என்று பிரித்துவிடுவதை எதிர்த்துப் பேசியவர் அவர். ஆக, இந்தத் திட்டத்தின் அடியில் இரண்டு எண்ணங்கள் இருக்கின்றன. ஒன்று, எங்கும் செல்லுபடியாகும் சான்றிதழ். இரண்டு, சீக்கிரமே குறுகிப் போகாத படிப்பு.

இன்று அமெரிக்காவில் ஐபி நடத்தும் பள்ளிகளில் பெரும்பாலானவை அரசுப் பொதுப் பள்ளிகள். என் மகள் நாடு மாறப் போவதில்லை. முதல் காரணம் எங்களுக்குப் பொருந்தாது. மிச்சமிருப்பது இரண்டாவது.

திட்டம் இப்படி இருக்கிறது. தாய்மொழி அல்லது நன்றாகத் தெரிந்த மொழியில் இலக்கியம், இன்னொரு மொழி, சமூகவியல் துறைகள், அறிவியல், கணிதம், கலை என்று ஆறு பிரிவுகள். கலைக்குப் பதிலாக வேறு பிரிவிலிருந்து இன்னொரு பாடம் எடுக்கலாம். ஆறு பாடங்களில் மூன்று, சில சமயம் நான்கு, ஹையர் லெவல். மற்றவை ஸ்டாண்டர்ட் லெவல். இவற்றுக்கு நடுவில் 'கோர்' என்று மூன்று விஷயங்கள். தியரி ஆஃப் நாலெட்ஜ் என்ற வகுப்பு: நமக்கு ஒன்று தெரியும் என்றால் எப்படித் தெரியும் என்று கேட்பது. எக்ஸ்டெண்டட் எஸ்ஸே: மாணவரே கேள்வியைத் தேர்ந்தெடுத்து, நான்காயிரம் வார்த்தைக்குள் எழுதும் ஆய்வுக் கட்டுரை. மூன்றாவது சிஏஎஸ்: கலை, உடலுழைப்பு, சேவை.

ஐபிக்காரர்கள் தங்கள் திட்டத்தின் இதயம் என்று சொல்வது இந்தக் கோர் பகுதியைத்தான். சரி, மதிப்பெண்ணில் இதயத்துக்கு எவ்வளவு?

ஒவ்வொரு பாடத்துக்கும் 7. ஆறு பாடத்துக்கு 42. தியரி ஆஃப் நாலெட்ஜும் எஸ்ஸேயும் சேர்த்து அதிகபட்சம் 3. மொத்தம் 45. சிஏஎஸுக்குப் புள்ளியே கிடையாது, ஆனால் அதை முடிக்காவிட்டால் டிப்ளமா இல்லை. எஸ்ஸேயிலோ தியரியிலோ 'ஈ' கிரேடு வாங்கினாலும் டிப்ளமா இல்லை. அதாவது கோர் பகுதி உங்களைக் கவிழ்க்க முடியும், தூக்கிவிட அதிகம் முடியாது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஹையர் லெவலுக்கு 240 மணி நேரம் பரிந்துரைக்கிறார்கள், ஸ்டாண்டர்டுக்கு 150. இரண்டுக்கும் அதே 7 புள்ளிதான். ஹையர் லெவல் பாடங்களில் குறைந்தது 12 புள்ளி வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. ஆனால் மொத்தக் கூட்டலில் ஆழத்துக்குத் தனி மதிப்பில்லை. தியரி ஆஃப் நாலெட்ஜுக்கு 100 மணி, எஸ்ஸேக்குச் சுமார் 40 மணி. ஆக 140 மணி நேர உழைப்புக்கு 3 புள்ளி. ஏறக்குறைய அதே நேரத்தை ஒரு ஸ்டாண்டர்ட் பாடத்தில் போட்டால் 7. வெறும் மதிப்பெண்ணைத் துரத்தும் புத்திசாலிப் பையன் என்ன செய்வான்? எஸ்ஸேயை 'ஈ' வராத அளவுக்கு ஒப்பேற்றிவிட்டு மற்றதைப் படிப்பான். அவன் மேல் தப்பில்லை, கணக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கிறது.

என்னுடைய முதல் குறை இதுதான். எதைத் தன் பெருமை என்று சொல்கிறதோ, அதற்குத்தான் இந்தத் திட்டம் மிகக் குறைவான எடை கொடுத்திருக்கிறது.

இரண்டாவது குறை, 'தேர்வு' என்ற சொல். தாளில் பார்த்தால் ஏகப்பட்ட பாடங்கள். ஒரு பள்ளியின் கையேட்டில் பார்த்தால் வேறு கதை. அமெரிக்கப் பொதுப் பள்ளிகள் பலவற்றில் ஆங்கில இலக்கியமும் அமெரிக்கக் கண்டங்களின் வரலாறும் எல்லோருக்கும் ஹையர் லெவலாக நிர்ணயம் ஆகிவிடும். மாணவர் கையில் மிஞ்சுவது ஒரே ஒரு ஹையர் லெவல் இடம். எங்கள் மாவட்டப் பள்ளியிலும் அப்படித்தான். பொறியியல் படிக்க ஆசைப்படும் பிள்ளை இயற்பியலா கணிதமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது நான்கு ஹையர் லெவல் என்ற சுமையைத் தூக்க வேண்டும். ஏபியில் இந்தச் சிக்கல் இல்லை. வேண்டிய பாடத்தை மட்டும் ஒவ்வொன்றாக எடுக்கலாம், மே மாதம் தேர்வு எழுதலாம், 5க்கு எவ்வளவு என்று வரும். ஐபி ஃபுல் மீல்ஸ் மாதிரி. பாகற்காய் பிடிக்காவிட்டாலும் இலையில் விழும். பீட்டர்சன் விரும்பியதும் அதுதானே என்றால், ஆமாம். ஆனால் பாகற்காய் இலையில் விழும்போது இயற்பியலின் பங்கு குறைகிறது என்பதைப் பள்ளிகள் பெற்றோரிடம் வெளிப்படையாகச் சொல்வதில்லை.

அடுத்து, கிரெடிட். பல பல்கலைக்கழகங்கள் ஹையர் லெவல் மதிப்பெண்ணுக்கு மட்டுமே கிரெடிட் தருகின்றன. டெக்சாஸில் 2005இல் வந்த சட்டப்படி, முழு டிப்ளமா வாங்கி, தேர்வுகளில் 4க்குக் குறையாமல் எடுத்தவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்கள் குறைந்தது 24 செமஸ்டர் மணி கிரெடிட் தர வேண்டும். ஏறக்குறைய ஒரு வருடப் படிப்பு. நண்பர்கள் ஐபிக்கு ஆதரவாகச் சொல்லும் வலுவான காரணம் இது. ஆனால் அந்தக் கிரெடிட் பொறியியல் பட்டத்துக்குத் தேவையான பாடங்களில் விழுமா, சும்மா உபரியாக நிற்குமா என்பது வேறு கேள்வி. ஏபி கால்குலஸில் 5 எடுத்தவனுக்கு அந்தச் சந்தேகம் குறைவு.

இதோடு வகுப்பு ரேங்க் வேறு. 1997இல் இருந்து டெக்சாஸில் பள்ளியின் முதல் 10 சதவீத மாணவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் நேரடி அனுமதி உண்டு. ஆஸ்டின் பல்கலைக்கழகம் மட்டும் விதிவிலக்கு, அங்கே 2026 சேர்க்கைக்கு அது 5 சதவீதம். கெட்டிக்காரப் பிள்ளைகள் கூடும் பள்ளிக்குப் போனால் அந்த 5க்குள் நிற்பது கஷ்டம். பக்கத்துப் பள்ளியிலேயே இருந்தால் கொஞ்சம் சுலபம். எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் என் நண்பர் சொன்னதுதான் சரி. ஏபி போதும்.

எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதற்கும் ஒரு பாடம் இருக்கிறது. 2020இல் கொரோனாவால் மே மாதத் தேர்வுகள் ரத்தாயின. பள்ளியில் செய்த பாடவேலை, ஆசிரியர் கணித்த மதிப்பெண், அந்தப் பள்ளியின் பழைய ஆண்டுகளின் தரவு இவற்றை வைத்து ஒரு சூத்திரத்தால் கிரேடு போட்டார்கள். ஜூலையில் முடிவு வந்ததும் பல நாடுகளில் மாணவர்கள் கொதித்தார்கள். நார்வேயின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு கேள்வி கேட்டது. ஆகஸ்டில் ஐபி தன் முறையைத் திருத்த வேண்டி வந்தது. நான் தொழிலில் இதே மாதிரி மாடல்களைப் பார்ப்பவன். நேற்றைய சீனியர்களின் மதிப்பெண்ணை இன்றைய மாணவியின் கணக்கில் கலப்பது எவ்வளவு சுலபம், அது எவ்வளவு அநியாயம் என்று இரண்டுமே தெரியும்.

இத்தனை குறை சொன்னவன் இதோடு முடித்திருக்கலாம். முடிக்க முடியாததற்குக் காரணம் அந்த நான்காயிரம் வார்த்தைதான்.

நான் தொண்ணூறுகளில் பிளஸ் டூ படித்தவன். கணிதம் 100, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100, நுழைவுத் தேர்வு 100, ஆக 300க்குக் கட் ஆஃப். புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளைக் கமா உட்பட மனப்பாடம் செய்தோம். பிஇ சேர்ந்தேன், வேலை கிடைத்தது, அந்தப் படிப்பு எனக்குச் சோறு போட்டது. அதைக் கேவலமாகப் பேச மாட்டேன். ஆனால் பதினேழு வயது வரை என்னை யாரும், "உனக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?" என்று கேட்டதில்லை. எங்கள் ஊர் ஏரியைப் பற்றி எல்லோரும் சொன்ன ஒரு கதையை அப்படியே நம்பி இங்கே எழுதி, பிறகு ஒரு வாசகர் மூலத்தைக் கேட்டபோது, என்னிடம் மூலமே இல்லை என்று தெரிந்தது. அப்போது வயது முப்பத்தெட்டு. ஒரு செய்தி எங்கிருந்து வருகிறது, யார் சொன்னது, எதனால் நம்பலாம் என்று கேட்கக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான். அந்தப் பதிவு இப்போதும் திருத்தக் குறிப்போடு கீழே கிடக்கிறது. அதைப் பதினேழில் கற்றுக்கொள்ள ஒரு வாய்ப்பு இருக்கிறது என்றால், 45இல் 3 என்று மட்டும் அதை எடைபோட எனக்கு மனசு வரவில்லை.

ஆகவே என் முடிவு இது. கிரெடிட்டுக்கும் ரேங்குக்கும் ஐபி எடுக்க வேண்டாம், அதற்கு ஏபியே போதும். மதிப்பெண்ணில் கிட்டத்தட்ட கணக்கில் வராத அந்தப் பகுதி உங்கள் பிள்ளைக்கு வேண்டுமா, பள்ளி அதை உண்மையாக நடத்துகிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆமாம் என்றால் மட்டும் எடுங்கள். பள்ளியிடம் மூன்று கேள்வி கேட்கலாம். எந்தெந்தப் பாடம் ஹையர் லெவலில் கிடைக்கும்? எஸ்ஸேக்கு ஒரு ஆசிரியர் எத்தனை மாணவரை மேற்பார்வை செய்கிறார்? சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முழு டிப்ளமாவை முடிக்கிறார்கள்? அறிமுகக் கூட்டத்தில் நான் கேட்டேன். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் பதில் வந்தது. இரண்டாவதற்கு, "அது வருஷத்துக்கு வருஷம் மாறும்" என்றார்கள். எனக்கு அது திருப்தியில்லை.

திரும்பி வரும்போது காரில் மகள் கேட்டாள். "அப்பா, அந்த நாலாயிரம் வார்த்தை எதைப் பத்தி வேணாலும் எழுதலாமா?"

"ஏதாவது ஒரு பாடத்துக்குள்ள வரணும்."

"கடை பார்க்கிங்ல சாயங்காலம் அவ்ளோ கறுப்புப் பறவை வருதே. பக்கத்துல மரம் நிறைய இருக்கு. ஆனா ஏன் அங்கேயே வருது? அது பயாலஜியா, ஜியாகிரபியா?"

டெக்சாஸில் இருப்பவர்களுக்கு அந்தக் கிராக்கிள் பறவைகளைத் தெரியும். இருட்டும் நேரத்தில் கூட்டம் கூட்டமாக வந்து, காரை எல்லாம் நாசம் பண்ணும். பத்து வருடமாக அவற்றைத் திட்டியிருக்கிறேனே தவிர, ஏன் அங்கே என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

படிவத்தை அனுப்பிவிட்டோம். தோழிகளைப் பிரிவது பற்றி ஒரு ராத்திரி அழுதாள், இயற்பியல் பற்றிய என் கவலையும் தீரவில்லை. கட்டுரைக்கு இன்னும் மூன்று வருடத்துக்கு மேல் இருக்கிறது. ஆனால் போன சனிக்கிழமை பால் வாங்கப் போனபோது அவள் காரிலேயே உட்கார்ந்து பறவைகளை எண்ண ஆரம்பித்தாள். நானூறு வரை வந்தாள். அதற்குள் ஒரு கூட்டம் எழுந்து பறந்து, வேறு விளக்குக் கம்பத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. ஏற்கெனவே எண்ணியது எது, எண்ணாதது எது என்று தெரியாமல் நோட்டில் அந்த நானூறை அடித்துவிட்டு, "இத முதல்ல எப்படி எண்றதுன்னு கண்டுபிடிக்கணும்" என்றாள்.