சுட்ட தேநீர்

தந்தையை வெறுப்பதற்கான காரணங்கள் அத்தனையும் இருந்தும் வெறுக்க இயலாத ஒரு மகளின் கதையை நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா என்கோசி அடிச்சி 2003ஆம் ஆண்டில் தம் முதல் நாவலாக வெளியிட்டார். 'பர்ப்பிள் ஹைபிஸ்கஸ்' என்பது அதன் பெயர். ஊதாச் செம்பருத்தி என்று பொருள். கத்தோலிக்க இல்லம் ஒன்றின் உள்ளறைகளில் நிகழும் இக்கதையை அயலார் கதையென்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

எனுகு நகரச் செல்வரான யூஜீன், இராணுவ ஆட்சியை அஞ்சாது எதிர்க்கும் செய்தித்தாளை நடத்துபவர். ஏழைகளுக்கு வாரி வழங்குபவர். பங்குத்தந்தை தம் மறையுரையிலேயே அவரைப் புகழ்கிறார். அதே மனிதரின் அடியால் மனைவியின் கரு கலைகிறது. மறைக்கல்வித் தேர்வில் இரு வினாக்களைத் தவறவிட்டதற்காக மகன் ஜாஜாவின் சுண்டுவிரல் சிதைகிறது. பழைய சமயத்தை விடாத தாத்தாவோடு ஒரே வீட்டில் தங்கியதை மறைத்த குற்றத்துக்காக, பதினைந்து வயது மகள் கம்பிலியின் பாதங்களில் கொதிநீர் ஊற்றப்படுகிறது. ஊற்றும்போது தந்தை அழுகிறார். அந்தக் கண்ணீர் பொய்யன்று என்பதே நம்மைக் கலங்கச் செய்கிறது.

இத்தகைய தந்தையைக் கம்பிலி ஏன் நேசிக்கிறாள்? அச்சம் என்று ஒரே சொல்லில் விடை கூறுவோர் உண்டு. நாவல் அதனினும் ஆழமாகச் செல்கிறது. தாம் தேநீர் அருந்துமுன் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மிடறு கொடுப்பது யூஜீனின் வழக்கம். அதற்கு அன்பின் மிடறு என்று பெயர். நாவு சுட்டுவிடும், ஆயினும் அந்தச் சூட்டோடு தந்தையின் அன்பு தன்னுள் பதிகிறது என்று அவள் நம்புகிறாள். புறத்தே காணும் அடையாளத்தின் வழியாக அகத்தே அருள் பெறுகிறோம் என்பது நம் திருஅவையின் படிப்பினை. அவ்வில்லத்திலோ அடையாளமே திரிந்து, சுடுவதுதான் அன்பு என்றாகிவிட்டது. நாவில் அதைக் கற்ற குழந்தை, பாதங்களில் கொதிநீர் விழும்போது அன்பையும் கொடுமையையும் எங்ஙனம் பிரித்தறிவாள்?

யூஜீனுக்கும் ஒரு பழைய காயம் உண்டு. மாணவப் பருவத்தில் செய்த பாவத்துக்காக, அவருடைய கைகளைக் கொதிநீரில் அமிழ்த்தச் செய்தவர் ஒரு குரு. குருக்களாகிய நாம் கண்களைத் தாழ்த்திப் படிக்கவேண்டிய பக்கம் இது. ஆசிரியர் இதனைக் காரணமாகக் காட்டுகிறாரேயன்றி மன்னிப்புச் சீட்டாக நீட்டவில்லை.

என்சுக்காவில் அத்தை இஃபியோமாவின் வீடு ஏழ்மையானது. ஆனால் அங்கே செபமாலையிடையே பாடல் எழுகிறது. பிள்ளைகள் தாயோடு வாதிட்டுச் சிரிக்கிறார்கள். சுடாத அன்பும் உண்டென்று கம்பிலி அறிவது அங்கேதான். அங்கு வரும் இளங்குரு அமாதியைக் குறையேதுமற்றவராகத் தீட்டியிருப்பது நாவலின் சிறு பலவீனம் எனலாம்.

முடிவில் தாய் அதே தேநீரில் நஞ்சு கலக்கிறாள். தந்தை இறக்க, ஜாஜா பழியை ஏற்றுச் சிறை செல்கிறான். கம்பிலியோ ஞாயிறுதோறும் தந்தைக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறாள். கனவில் அவரைக் காண ஏங்குகிறாள். சிறையிலிருக்கும் அண்ணனிடம் அதைச் சொல்லவும் அவளுக்கு நா எழவில்லை. அவளுடைய அன்பு தந்தையின் குற்றத்தைக் குறைக்கவில்லை; அவருடைய குற்றம் அவளுடைய அன்பை அழிக்கவுமில்லை. இரண்டையும் அருகருகே நிற்கவிட்டதே இந்நாவலின் நேர்மை.

பெற்றோருக்குக் கீழ்ப்படியுமாறு பிள்ளைகளுக்குக் கூறும் எபேசியர் திருமுகம், அடுத்த மூச்சிலேயே பிள்ளைகளுக்குச் சினமூட்டலாகாதெனத் தந்தையரை எச்சரிக்கிறது. முன்பாதியையே நாம் மிகுதியும் பிரசங்கித்து வந்துள்ளோம். கம்பிலியைப் போன்ற ஒரு பிள்ளை நம்மிடம் வந்தால், 'அப்பாவை மன்னித்துவிடு' என்று அவசரப்படுத்துவதும் தவறு. 'அவரை மறந்துவிடு' என்பதும் தவறு. அடி விழாத இடத்தில் அவளைச் சேர்ப்பது முதற்கடமை. கம்பிலி ஒப்புக்கொடுக்கும் அத்திருப்பலிகளை எந்தக் குருவும் அவள்மீது சுமத்தவில்லை. அச்சம் நீங்கிய பின்னர், தன் விருப்பப்படியே அவள் அவற்றை ஒப்புக்கொடுக்கிறாள்.