பந்தல் போட்ட பிறகு கேட்கும் சம்மதம்

அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் தோண்டும் சுரங்கங்களுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டமே வேண்டாம் என்று 2025 செப்டம்பரில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்குக் கொடுத்தது. எதிர்ப்பு கிளம்பியது, கிளம்ப வேண்டியதுதான். ஆனால் எதிர்த்தவர்களில் சிலர், காட்டுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே பாதுகாப்பு இந்தக் கூட்டம்தான் என்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

கூட்டத்தால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. 30 நாள் முன்னறிவிப்பு உண்டு, உள்ளூர் மொழியில் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கம் உண்டு, பேச்செல்லாம் வீடியோவில் பதிவாகிறது. பின்னால் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பதிவு நல்ல சாட்சி.

கோளாறு கூட்டம் நடக்கும் நேரத்தில் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முதலில் நிறுவனம் இடத்தைக் குறித்து விண்ணப்பிக்கிறது. ஆய்வின் எல்லை வகுக்கப்படுகிறது. நிறுவனமே சம்பளம் கொடுக்கும் ஆலோசகர் வரைவு அறிக்கை எழுதுகிறார். இத்தனைக்கும் பிறகுதான் ஊரைக் கூப்பிடுகிறார்கள். பத்திரிகை அடித்து, பந்தலும் போட்ட பிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்பது போலத்தான் இது. மைக் பிடிப்பவர் தூசி, தண்ணீர், வேலைவாய்ப்பு பற்றிக் கேட்கலாம். இறுதி அறிக்கையில் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே நிறுவனத்தின் பதில் ஏறிவிடும். ‘இந்தக் காட்டைத் தொடலாமா?’ என்ற கேள்வி ஆய்வின் எல்லைக்குள்ளேயே வருவதில்லை. அரங்கமே எழுந்து நின்று ‘வேண்டாம்’ என்றாலும் அதற்குத் திட்டத்தை நிறுத்தும் சக்தி கிடையாது. வாக்கெடுப்பு இல்லை, குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற விதியும் இல்லை.

கிரேட் நிக்கோபார் தீவைப் பாருங்கள். அங்கே துறைமுகம், விமான நிலையம், நகரம் எல்லாம் சேர்ந்து சுமார் 130 சதுர கி.மீ. காட்டைக் கேட்கின்றன. லெதர்பேக் கடலாமைகள் முட்டையிட வரும் கலாத்தியா விரிகுடாவின் சரணாலய அந்தஸ்தை நீக்க, தேசிய வனவிலங்கு வாரியத்தின் நிலைக்குழு 2021 ஜனவரியில் சம்மதித்தது. கேம்பெல் பேயில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்ததோ 2022 ஜனவரியில்! ஒரு வருடம் முன்பே சரணாலயத்தைக் கைவிட்டுவிட்டு எதைப் பற்றிக் கருத்துக் கேட்டார்கள்? கேம்பெல் பே குடியேறிகளின் ஊர். வெளியுலகத் தொடர்பை விரும்பாமல் உள்காட்டில் வாழும் ஷோம்பென் பழங்குடி மக்கள் பந்தலுக்கு வந்து மனு கொடுப்பார்கள் என்று எந்த அதிகாரியாவது நம்பியிருப்பாரா? அதே ஆண்டு நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வந்துவிட்டது.

ஒடிசாவின் நியம்கிரி மலையை எதிர்வாதமாகக் காட்டுவார்கள். அந்த மலையைக் காப்பாற்றியது இந்தக் கூட்டம் அல்ல. கருத்துக் கேட்பெல்லாம் முடிந்து, பாக்சைட் சுரங்கத்துக்கு 2009இல் சுற்றுச்சூழல் அனுமதியே கிடைத்திருந்தது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வன உரிமைச் சட்டத்தைக் காட்டி முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. 12 கிராம சபைகளும் மறுத்தன. 2014 ஜனவரியில் அமைச்சகமும் வன அனுமதியை மறுத்தது. அந்த மலையில் வாழும் டோங்ரியா கோந்த் பழங்குடி மக்களின் கையில் அங்கே இருந்தது மறுக்கும் உரிமை.

விலக்கை ரத்து செய்யக் கோரும் மனுக்களில் அந்த உரிமையையும் கேட்க வேண்டும். இடம் குறிக்கும் முன், ஆலோசகரோடு ஒப்பந்தம் போடும் முன் ஊரைக் கூட்டுங்கள். ஊர் ‘வேண்டாம்’ என்றால் கோப்பை அங்கேயே மூடுங்கள்.