கிம் கடைக் கணக்கு

பி.காம். படித்துக்கொண்டிருந்த காலத்தில், சாயங்கால வேளைகளில் ஒரு ஸ்டேஷனரிக் கடைக்குக் கணக்கு எழுதினேன். முதல் வாரமே முதலாளியிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். "சார், மத்தியானம் நீங்க சாப்பிடப் போறப்ப வீட்டம்மாதானே கடையைப் பாத்துக்கறாங்க? அவங்க சம்பளத்தை எந்தத் தலைப்புல எழுதறது?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். "தம்பி, நீ பரீட்சையில பாஸாயிடுவியா?" என்றார்.

பாஸாகிவிட்டேன். ஆனால் சந்தேகம் தீரவில்லை. கடைக்காரர் கல்லாவிலிருந்து சொந்தச் செலவுக்கு எடுத்தால் 'டிராயிங்ஸ்' என்று ஒரு தலைப்பு இருக்கிறது. கடை அவர் வீட்டிலிருந்து எடுத்துக்கொள்வதற்குத் தலைப்பே கிடையாது.

'கிம்ஸ் கன்வீனியன்ஸ்' பார்த்தபோது அந்தப் பழைய பேரேடு ஞாபகம் வந்தது. கனடாவின் சி.பி.சி. தொலைக்காட்சியில் 2016-ல் ஆரம்பித்து 2021 வரை ஐந்து சீஸன்கள், மொத்தம் 65 எபிசோடுகள் ஓடிய காமெடித் தொடர். நெட்ஃப்ளிக்ஸ் அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. டொரண்டோவில் ஒரு கடை. மளிகைக்கடை என்று சொல்ல முடியாது, பெட்டிக்கடை என்றாலும் கோபித்துக்கொள்வார்கள். பால், ரொட்டி, சிகரெட், லாட்டரிச் சீட்டு, உடனடி நூடுல்ஸ் எல்லாம் கிடைக்கும். நடத்துகிறவர்கள் கொரியாவிலிருந்து குடியேறிய கிம் தம்பதியர். மகள் ஜேனட் போட்டோகிராபி படிக்கிறாள். மகன் ஜங் பதினாறு வயதில் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவன்.

பிள்ளைகள் அவரை 'அப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கொரிய மொழியிலும் அப்பா அப்பாதான். அம்மாவை 'உம்மா' என்கிறார்கள், நம்மூர் முஸ்லிம் வீடுகளில் கேட்கிற அதே உம்மா. இரண்டு எபிசோட் தாண்டினால் சப்டைட்டில் எதற்கு என்று தோன்றிவிடும்.

முதல் எபிசோடையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓரினச் சேர்க்கையாளர்களின் ஊர்வலம் வரப்போகிறது. கடையில் போஸ்டர் ஒட்டலாமா என்று இருவர் கேட்கிறார்கள். ஊர்வலச் சத்தம், நெரிசல் என்று கிம் ஏதோ உளற, 'எங்களை வெறுக்கிறீர்களா?' என்று அவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். வெறுப்பா? எனக்கா? உங்களுக்கு நான் 15 சதவிகிதம் தள்ளுபடியே தருகிறேனே என்று அந்த நிமிஷத்தில் ஒரு ஸ்கீமைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடுகிறார் மனிதர். சொன்னபின் பிரச்னை முளைக்கிறது. தள்ளுபடி கேட்டு வருகிறவர்களில் யார் நிஜம், யார் டூப் என்று கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று தீர்ப்பு சொல்ல வேண்டியிருக்கிறது.

சிரித்து முடித்ததும் ஒன்று புரிந்தது. இங்கே சிறுபான்மையினர் தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை, தீர்ப்பு சொல்கிறார். தெருவில் இறங்கினால் அவர் ஆங்கிலம் சரியாக வராத ஆசியர். நாடகத்தில் அவர் கொரியாவில் வாத்தியார் வேலை பார்த்தவர். இங்கே அந்தப் படிப்புக்கு மதிப்பில்லை. ஆனால் மூன்றடி கவுன்ட்டருக்குப் பின்னால் அவர்தான் ராஜா. அல்பமாக இருக்கலாம், பிடிவாதம் பிடிக்கலாம், தப்பாகவே பேசலாம், யாரும் வேலையைவிட்டுத் தூக்க முடியாது. குடியேறிய கடைக்காரரின் சந்தோஷம் லாபத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பெரும்பங்கு இதில் இருக்கிறது.

இதற்கு முன்னால் திரையில் வந்த கடைக்காரர்களுக்கு இந்தச் சுகம் கிடைக்கவில்லை. 'சிம்ப்ஸன்ஸ்' கார்ட்டூனின் அப்பு நம் நாட்டுக்காரர்தான். ஆனால் அவருக்கு வருஷக்கணக்கில் குரல் கொடுத்தவர் ஹாங்க் அஸாரியா என்ற வெள்ளைக்கார நடிகர். அதை வைத்து ஹரி கொண்டபோலு 2017-ல் ஒரு ஆவணப்படமே எடுத்தார். 2020-ல் அஸாரியா அந்தக் குரலைக் கைவிட்டார். கிம்மாக நடித்த பால் சுன்-ஹியுங் லீயும் உச்சரிப்பை வரவழைத்துக்கொண்டுதான் பேசுகிறார். கைக்குழந்தையாகக் கனடா வந்தவர், சாதாரணமாகப் பேசினால் கனடாக்காரர். பின்னே என்ன வித்தியாசம்? அப்புவில் உச்சரிப்புதான் ஜோக். கிம்மிடம் உச்சரிப்பை எடுத்துவிட்டாலும் பிடிவாதம் மிச்சமிருக்கும், அதற்கும் சிரிப்பு வரும்.

ஸ்பைக் லீயின் 'டூ த ரைட் திங்' (1989) படத்திலும் ஒரு கொரியக் கடைக்காரர் உண்டு. கலவரக் கூட்டம் கடைமுன் வந்து நிற்கும்போது, துடைப்பத்தைச் சுழற்றியபடி 'நானும் உங்களைப் போலக் கறுப்பன்தான்' என்று கத்துவார். கூட்டம் சிரித்துவிட்டு விட்டுவிடும். நிஜத்தில் விடவில்லை. 1991-ல் லாஸ் ஏஞ்சலீஸில் 1.79 டாலர் ஆரஞ்சு ஜூஸை ஒட்டி எழுந்த தகராறில், கொரியக் கடைக்காரப் பெண்மணி 15 வயதுக் கறுப்பினச் சிறுமியைச் சுட்டுக் கொன்றார். கோர்ட் சிறைத்தண்டனை தரவில்லை. அடுத்த வருஷம், ரோட்னி கிங்கை அடித்த போலீஸ்காரர்கள் விடுதலையானதும் வெடித்த கலவரத்தில் 2,000-க்கும் மேற்பட்ட கொரியக் கடைகள் சேதமாயின.

இதை எதற்கு இழுக்கிறேன் என்றால், கிம் கடையின் கதை முதலில் நாடகம். இன்ஸ் சோய் எழுதி 2011-ல் டொரண்டோ ஃப்ரிஞ்ச் விழாவில் மேடையேறியது. புத்தகமாகவும் கிடைக்கிறது, படித்தேன். அதில் அப்பா மகளுக்குத் திருடர்களை அடையாளம் காணப் பாடம் எடுக்கிறார். எந்த நிறம், ஆணா பெண்ணா, என்ன உடுப்பு என்று வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறார். சிரிப்பு வருகிறது. லாஸ் ஏஞ்சலீஸ் ஞாபகம் வந்ததும் தொண்டையில் நிற்கிறது. ராஜாவாக இருப்பதில் இதுவும் சேர்த்திதான் என்று சோய் மறைக்காமல் எழுதிவிட்டார்.

இன்னொரு காட்சியில் அப்பாவும் மகளும் கணக்குப் பார்க்கிறார்கள். எத்தனை வருஷம் சம்பளமில்லாமல் கடையில் நின்றிருக்கிறேன் என்று அவள் ஆரம்பிக்க, உன்னை வளர்த்த செலவு தெரியுமா என்று அவர் பதிலுக்கு அடுக்குகிறார். எனக்கு யாரும் சொல்லித்தராத அந்தத் தலைப்பு! அப்பா அடித்த அடியில் மகன் ஆஸ்பத்திரிக்குப் போனதும் நாடகத்தில் வருகிறது. கடையை விலைக்குக் கேட்டு ஆள் வருகிறான், பக்கத்தில் வால்மார்ட் வருகிறது. விற்றுவிட்டால் இத்தனை வருஷம் எதற்கு நின்றோம் என்ற கேள்வி நாடகம் முழுக்க அவரை அரிக்கிறது.

தொலைக்காட்சியில் இந்தக் காரமெல்லாம் வெகுவாகக் குறைந்துவிட்டது. 22 நிமிஷத்தில் சண்டை வந்து சமாதானமாக வேண்டும் அல்லவா? கடையில் சரக்கு எப்போதும் நிறைந்திருக்கிறது. வாடகை, கடன், குடோன் பேச்சு அபூர்வம். சந்தோஷத்தைக் காட்டியவர்கள் அதன் அடக்க விலையை மறைத்துவிட்டார்கள் என்பது என் குறை. பாலும் உம்மாவாக வரும் ஜீன் யூனும் கண்ணாலேயே அந்த விலையைச் சொல்லிவிடுவதால்தான் தொடர் தப்பிக்கிறது.

கேமராவுக்கு வெளியே நடந்தது இன்னும் வினோதம். 2020-ல் ஐந்தாவது, ஆறாவது சீஸன்களுக்குச் சேர்த்து அனுமதி கொடுத்தார்கள். 2021 மார்ச்சில், ஆறாவது கிடையாது என்று அறிவிப்பு. காரணம், தொடரைத் தொலைக்காட்சிக்கு உருவாக்கிய இன்ஸ் சோயும் கெவின் வொயிட்டும் விலகிவிட்டார்கள். அந்த ஜூனில் ஜங்காக நடித்த சிமு லியு மனக்குமுறலைப் பகிரங்கமாகக் கொட்டினார். சம்பளம் குறைவு, கதையில் நடிகர்களின் யோசனைக்கு இடமில்லை என்றார். தொடரிலிருந்து கிளைத்தொடர் கிடைத்த ஒரே பாத்திரம், ஆசியர் அல்லாத ஷானன்! ஜீன் யூனும், எழுத்தாளர் குழுவில் ஆசியப் பெண்கள் போதுமான அளவில் இல்லை, சில காட்சிகளை நடிகர்கள் எதிர்த்தோம் என்று எழுதினார்.

யோசித்துப் பாருங்கள். திரையில் கிம் குடும்பத்துக்குச் சொந்தக் கடை. வாடிக்கையாளரை வெளியே போ என்று சொல்லும் உரிமை இருந்தது. அதில் நடித்தவர்களுக்குத் தங்கள் வசனத்தில்கூட அந்த உரிமை இல்லை. ஒருநாள் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். வெளியே காட்டிய கடைமுகப்பு டொரண்டோ குயின் தெருவில் உள்ள நிஜக் கடை, உள்ளே காட்டியது ஸ்டுடியோ செட். இதைவிடப் பொருத்தமாக நான் சொல்லிவிட முடியாது.

இன்ஸ் சோயின் குடும்பம் கனடா வந்த புதிதில் உறவினரின் கடைக்கு மேல்மாடியில்தான் குடியிருந்தது. 2011 மேடையில் அவர் நடித்தது ஓடிப்போன மகன் ஜங்காக. 2024 ஜனவரியில் லண்டன் பார்க் தியேட்டரில் அதே நாடகம் மறுபடி ஏறியது. 2025-ல் டொரண்டோ சோல்பெப்பரிலும். இரண்டு ஊரிலும் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று அப்பாவாக நடித்தவர் அவரேதான்.