ரப்பர்ப் பூவின் ஒரு பொழுது

தை கழிந்து, கீரிப்பாறையில் இலையுதிர்த்து நின்ற அரசு ரப்பர்க் கழகத் தோட்டங்கள் செம்பு நிறத் தளிர் விடும் நாட்களில், அத்தளிரோடு வந்து, பால் வெட்டப் போகிறவர்கள்கூட ஏறிட்டுப் பாராமல் கடந்துபோகும் இதழற்ற மஞ்சள் பூங்கொத்துகள்மீது எனக்கு நெடுநாளாக ஒரு பிரீதி உண்டு. கிளைநுனியில் சற்றுப் பெரியதாயிருப்பது பெண் பூ. சுற்றிலும் மணிமணியாக நிற்பவை ஆண். ஆண் பூவினுள்ளே பத்து மகரந்தப் பைகள் ஈரடுக்காக ஒட்டிய ஒரு சிறு தூண். கலப்பினம் உண்டாக்குகிறவர்கள் அதை இடுக்கியால் பக்குவமாக எடுத்துச் சூல்முடிமேல் வைத்து, பஞ்சால் மூடி, ரப்பர்ப் பாலையே பசையாக்கி அடைக்கிறார்கள். அன்று மலர்ந்த பூவே உத்தமம். நேரம் செல்லச் செல்ல மகரந்தத்தின் வீரியம் க்ஷீணித்து, சாயம் தோய்த்துப் பார்க்கையில் ஜீவனுடையதாகத் தோன்றும் துகளும் குழல் நீட்டிச் சூலை எட்டும் சக்தியை இழந்திருக்கக்கூடும். பேரீச்சை மகரந்தத்தை உலர்த்தி மறுவருஷத்துக்கும் வைத்திருக்கலாம். அது வேறு குலம். இத்தனை பார்த்துச் செய்தும் நூற்றுக்கு ஐந்து காய் பிடித்தால் அதிர்ஷ்டம். நம் மலையோரத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போட்ட ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்னும் ரப்பர் ரகம், ஜாவாவின் டிஜிர் 1-க்கும் மலேயாவின் ஜி.எல். 1-க்கும் இப்படிக் கைமணம் செய்வித்துப் பிறந்ததே. பிறகு அதைப் பெருக்க விதையும் வேண்டியிருக்கவில்லை, மொட்டு ஒட்டே போதுமாயிற்று.