பெயரில் ஒரு கைரேகை

இணையதளங்களை உருவாக்க உதவும் ஜாங்கோ மென்பொருளில் என்னை ஈர்ப்பது, கோப்பின் பெயரில் சேரும் 12 எழுத்துகள். மேனிஃபெஸ்ட் முறையை வைத்துக்கொண்டு 'கலெக்ட்ஸ்டாட்டிக்' கட்டளை கொடுத்தால், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், படம் எல்லாம் ஓரிடத்தில் சேரும். ஒவ்வொன்றின் உள்ளடக்கமும் கைரேகையாகப் பெயரில் பதியும். உள்ளே ஒரு காற்புள்ளி மாறினாலும் பெயர் மாறும். மாறாத கோப்பு பழைய பெயரிலேயே இருக்கும். அதனால் தளம் புதுப் பதிப்புக்கு மாறிய அன்றும் பிரவுசர் பழைய தோற்றத்தைக் காட்டி ஏமாற்றாது.

2024-இல் வந்த ஜாங்கோ 5.1 பதிப்பில், இந்த முறையைக் குறிப்பிடும் 'ஸ்டாட்டிக்ஃபைல்ஸ் ஸ்டோரேஜ்' என்ற பழைய அமைப்பு எடுக்கப்பட்டுவிட்டது. இனி அந்த முறையை 'ஸ்டோரேஜஸ்' என்பதற்குள் எழுத வேண்டும். மறந்தால் பிழைச்செய்தியே வராது. கைரேகை மட்டும் காணாமல் போகும். ஆகவே மேம்படுத்தியதும் நான் முதலில் திறப்பது இக்கோப்புகள் சேரும் கோப்புறையைத்தான். பெயர்களில் 12 எழுத்துகளும் இருந்தால் மனம் நிறைந்துவிடும்.